சனிக்கிழமை ரசிகை

மேல் வீட்டுப் பையன் கிட்டார் பழகுகிறான். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாலையில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தான் என்றால் இளையராஜா, ரஹ்மான், அனிருத் என்று ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்குள் இறங்கி வருவார்கள். போன மாதம் ஒரு நாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது, மேலிருந்து வேறு மாதிரி ஒரு வாசிப்பு கேட்டது. துளித்துளியாக உதிரும் ஸ்வரங்கள். முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் முடியாமல், ஓர் எட்டு தள்ளிப் போய்த் திரும்பி வருகிறது. அதையே திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன்.

மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டான். "நேத்து வாசிச்சது அமெரிக்கன் ஃபுட்பால் குரூப்போட பாட்டுதானே?" என்றேன்.

"உங்களுக்கு அவங்களைத் தெரியுங்களா ஆன்ட்டி?"

"அவங்க ஊர்லதான் நான் படிச்சேன்."

"அர்பானாலயா? அப்படின்னா அந்த வீட்டைப் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். யாரும் அதைத் தேடி வராத காலத்தில் பார்த்திருக்கிறேன். அங்கேயே படியில் நின்று அவனுக்குக் கொஞ்சம் சொன்னேன். சொல்லாமல் விட்டதுதான் அதிகம். சில நாட்களாக அதெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து தெற்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் அர்பானாவும் ஷாம்பெயினும். ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் இன்னோர் ஊர் என்று ஒட்டிப் பிறந்தவை. இரண்டுக்கும் நடுவே பல்கலைக்கழகம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு மண்ணியலில் ஆய்வு செய்ய அங்கே போனேன். எங்கள் துறை டர்னர் ஹாலில் இருந்தது. வளாகத்தின் நடுவிலேயே 1876-ல் தொடங்கிய மாரோ பிளாட்ஸ் என்ற சோதனை வயல் உண்டு. அந்தச் சோளத்தின் மேல் நிழல் விழக்கூடாது என்பதற்காகப் பக்கத்தில் கட்டிய நூலகத்தையே பூமிக்கடியில் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். தெற்குக் காற்று அடித்தால் பல்கலைக்கழகப் பண்ணையின் சாண வாசனை வகுப்பறை வரைக்கும் வரும். மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்த வாசனை வந்த அன்றைக்கு வீட்டு ஞாபகம் குறையும்.

ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரன் அந்தப் பக்கத்து விவசாயி மகன். மண் மாதிரிகளைக் காயவைக்கும் சின்ன அலுமினிய டப்பாக்களை மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, கரண்டிகளால் தட்டிக்கொண்டே இருப்பான். மாலையானால் உண்மையான டிரம்ஸ் வாசிப்பான். அவன் மூலமாகத்தான் இரண்டு விஷயங்கள் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டன: சனிக்கிழமை பகலில் அமெரிக்கக் கால்பந்து, சனிக்கிழமை இரவில் இண்டி இசை. இரண்டிலும் நான் வல்லவளாக ஆகவில்லை, ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனாலும் இரண்டின் மேலும் எனக்குப் பிரியம் உண்டு, இன்றைக்கும்.

நான் போன இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு அப்பா மேட்ச் பார்க்க வர்றார். அம்மாவுக்கு வர முடியலை. ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு, வர்றியா?" என்று கேட்டான். மெமோரியல் ஸ்டேடியத்தைத் தினமும் பேருந்திலிருந்து பார்ப்பேனே தவிர உள்ளே போனதில்லை. மறுநாள் காலை சுடிதாருக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வெளியே புல்வெளி முழுக்க வண்டிகள். வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, கரி அடுப்பு மூட்டி, குடும்பம் குடும்பமாகச் சமையல். அடுப்பிலிருந்து சுட்ட சோளம் ஒன்றை எடுத்து, ஊர் பேர் கேட்காமல் என் கையில் கொடுத்தார் ஒரு பாட்டி. அரங்கின் இரு பக்கமும் உயரமான கல்தூண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் செதுக்கியிருந்தது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட இல்லினாய் மாணவர்களின் பெயர்கள். அவர்கள் நினைவாகத்தான் 1920-களில் ஊர்கூடி நன்கொடை திரட்டி அந்த அரங்கைக் கட்டியிருக்கிறார்கள். ஆரவாரத்துக்குள் நுழையும் எல்லோரும் அந்தப் பெயர்களுக்குக் கீழேதான் நடந்து போக வேண்டும்.

நண்பனின் அப்பா பெரிய கைகள் உள்ள மனிதர். விரல் இடுக்குகளில் வண்டி எண்ணெய்க் கறுப்பு ஏறியிருந்தது. கால்களுக்கு நடுவே காபி பிளாஸ்க், மடியில் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை. எனக்கு ஆட்டம் தெரியாது என்றதும் சந்தோஷப்பட்டார். எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சுப் பலகையில் தோல் உரிக்காத கடலைகளை இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று என்று எதிரெதிரே அடுக்கினார். "இது சென்டர். பந்தைப் பின்னால் கொடுக்கிறவன். இது குவார்ட்டர்பேக், வாங்குகிறவன். இந்த ஐந்து பேர் அவனைக் காக்கும் சுவர்." ஒவ்வொரு கடலையையும் விரல் நுனியால் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. மைதானம் நூறு கெஜம். கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி; உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று. பாடம் முடிந்ததும் இரண்டு அணிகளையும் உரித்துத் தின்றோம்.

இரவு வீட்டுக்கு வந்து, அறைத் தோழியான திருநெல்வேலிக்காரியிடம் இதையெல்லாம் விவரித்தேன். சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போ சடுகுடுதானேட்டி! கோட்டைப் பிடிக்கணும், ஆளை மடக்கணும்" என்றாள். அடுத்த ஆட்டத்துக்கு அவளும் வந்தாள்.

அது 1997. இல்லினாய் அணி அந்தப் பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு வெற்றிகூடக் கிடையாது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய அரங்கில் எங்களைச் சுற்றிப் பாதி பலகைகள் காலி. நவம்பர் குளிரில், ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள்ளேயே நிறையப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நண்பனின் அப்பா போக மாட்டார். அவரை மாதிரியே போகாமல் இருக்கும் ஒரு கூட்டம் அந்தப் பகுதியில் இருந்தது. முன் வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரரும் மனைவியும். இடப்பக்கம் ஒரு பல் மருத்துவர். பின்னால் அண்ணன் தம்பிகள் மூவர். வருடம் தவறாமல் அதே இருக்கைகள். யாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, யார் வீட்டில் பேரக்குழந்தை, யாருடைய நிலத்தில் இந்த வருடம் சோளம் ஈரமாகவே நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குள் தெரியும். வேறு எந்த நாளிலும் அவர்கள் சந்தித்துக்கொள்வதில்லை.

இத்தனை பேச்சுக்கு அந்த ஆட்டமே இடம் கொடுத்தது. கடிகாரக் கணக்கில் அறுபது நிமிடம், ஆனால் நடந்து முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்தாறு நொடி பாய்ச்சல், மோதல், விசில். பிறகு அணிகள் மறுபடி கூடி நிற்கும் வரை காத்திருப்பு. புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத்தான் அலுப்பு என்பார்கள். எனக்கோ அந்த இடைவெளிகள் பழகப் பழக மிகவும் பிடித்துப்போயின. காபி கை மாறும், பொட்டலம் கை மாறும், விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். அணிகள் மறுபடி பாயத் தயாரானதும் எல்லோரும் ஒரே மூச்சாக எழுந்து நிற்போம்.

அப்படி ஓர் இடைவெளியில்தான் ரெட் கிரேஞ்ச் கதையைச் சொன்னார். 1924 அக்டோபர் 18, அரங்கைப் போர்வீரர் நினைவுக்கு அர்ப்பணித்த நாள். எதிரணி மிச்சிகன், இரண்டு வருடமாகத் தோல்வியே அறியாதது. ஆட்டம் தொடங்க உதைத்த முதல் பந்தையே பிடித்து 95 கெஜம் ஓடிச் சேர்த்தான் கிரேஞ்ச். முதல் 12 நிமிடத்துக்குள் நான்கு டச்டவுன். 39-க்கு 14 என்று இல்லினாய் வென்றது. கோடை விடுமுறைகளில் வீட்டன் ஊரில் ஐஸ் கட்டி சுமந்து கூலி வாங்கிய பையன் அவன். தான் பிறப்பதற்கு முன் நடந்ததை நேரில் பார்த்தவர் போலக் கைகளால் ஓடிக் காட்டினார். "இந்த மூலையில்தான்" என்று அவர் காட்டிய மூலையில், எங்கள் அணி அன்றைக்கும் பந்தைக் கோட்டைவிட்டது. அவர் குரல் இறங்கவே இல்லை.

இடைவேளையில் பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு நடந்து வரும். அப்போதெல்லாம் இறகுக் கிரீடமும் தோல் உடையும் அணிந்த ஒரு மாணவர், பூர்வகுடித் தலைவர் வேடத்தில் நடுவே வந்து ஆடுவார். சுற்றியிருக்கும் கூட்டம் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நிற்கும். வளாகத்திலோ அது வேண்டாம் என்று துண்டறிக்கை கொடுப்பவர்களும் இருந்தார்கள். ஷார்லீன் டீட்டர்ஸ் என்ற பூர்வகுடி மாணவி 1989-ல் ஒற்றை ஆளாகப் பதாகை பிடித்து நின்று தொடங்கிய போராட்டம் அது. எங்கள் முன்னோரின் சடங்கு உடை விளையாட்டு வேடிக்கையா என்று அவர் கேட்ட கேள்விக்கு 2007-ல்தான் பதில் வந்தது. அந்த நடனத்தைப் பல்கலைக்கழகம் நிறுத்தியது. ஒரு துண்டறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, திருநெல்வேலிக்காரி அடுத்த ஆட்டத்திலிருந்து அந்த நேரத்தில் எழுந்து நிற்பதை நிறுத்தினாள். நானும்தான். நண்பனின் அப்பா எழுந்து நிற்பார். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். பிளாஸ்கை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தி வைப்பார்.

சனிக்கிழமையின் இரண்டாம் பாதி நிலத்துக்கடியில் நடக்கும். ஆரியோ ஸ்பீட்வேகன் மாதிரி அரங்கு நிறைக்கும் குழு 1960-களில் தொடங்கியதும் இந்த ஊரில்தான். ஆனால் எங்கள் காலத்து ஊரின் உயிர், வாடகை வீடுகளின் பேஸ்மென்ட்டில் இருந்தது. ஹம், போஸ்டர் சில்ட்ரன், பிரெய்டு என்று அங்கே கிளம்பிய குழுக்களின் பெயர்களை நண்பன் வரிசையாகச் சொல்வான். சமையலறை வழியாக உள்ளே போய்க் குறுகலான மரப்படியில் இறங்க வேண்டும். படியின் அடியில் காபி டப்பாவோடு ஒரு பெண் நிற்பாள், ஆளுக்கு மூன்றோ நான்கோ டாலர் போடலாம். அந்தப் பணம் அன்று வேற்றூரிலிருந்து வேனில் வந்திருக்கும் குழுவின் பெட்ரோலுக்கு. உள்ளே தலை இடிக்கும் கூரை, ஈரச் சுவர், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் நடுவே டிரம்ஸ். மேடை என்று ஒன்று கிடையாது. பாடுகிறவனின் காலணி என் காலணியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும். இயந்திரத்தின் மேல் அடுக்கியிருந்த சோப்புத்தூள் பெட்டி, டிரம்ஸ் அதிர அதிர விளிம்பு வரை நகர்ந்து வரும். யாராவது கை நீட்டிப் பின்னால் தள்ளிவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் பாடியவனே கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த குழுவின் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கக் கை கொடுப்பான்.

சபாவில் பாட்டு கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே வித்வான் உயரத்தில் இருப்பார், நாம் கீழே இருப்போம். இங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் தயவும் இல்லாமல், தாங்களே எழுதி, தாங்களே பதிவுசெய்து, தாங்களே உறை ஒட்டி, தபாலில் அனுப்புகிறார்கள். இண்டி என்று அவர்கள் சொன்னது முதலில் இந்த ஏற்பாட்டைத்தான். பக்கத்து டேன்வில்லில் இளைஞர்கள் இருவர் தாங்களே அச்சிட்ட இசைச் சிற்றிதழ் ஒன்றை நடத்தி, அதிலிருந்து தொடங்கியதுதான் பாலிவினைல் நிறுவனம். அங்கே நான் கேட்ட குழுக்களில் பலவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாததால் ஒன்றும் குறையவில்லை. அந்த ஒரு மணி நேரம் முழுமையாகவே இருந்தது.

எங்கள் அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லாத அதே 1997-ல்தான் அதே பல்கலைக்கழகத்து மாணவர்கள் மூவர் சேர்ந்து 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ். விளையாட்டுக்கும் அவர்கள் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கத்தாத, மோதாத, தயங்கித் தயங்கிப் போகும் இசை. 1999 செப்டம்பரில் அவர்களுடைய இசைத்தட்டைப் பாலிவினைல் வெளியிட்டது. அது கடைக்கு வந்த நேரத்தில் படிப்பு முடிந்து அவர்கள் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஊரில் அவர்கள் வாசித்து நான் கேட்டதில்லை. நண்பன் வாங்கிய சிடி என் கைக்கு வந்தது. உறையில் இரவு நேரத்து ஒரு மர வீடு. கீழிருந்து அண்ணாந்து எடுத்த படம், மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.

வீட்டில் போட்டபோது திருநெல்வேலிக்காரி, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள். குரல் வரும், நாலு வரி பாடும், போய்விடும். பிறகு இரண்டு கிட்டார்கள் நெடுநேரம் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டிரம்ஸ் வாசிக்கிற லாமோஸே நடுநடுவே டிரம்பெட்டும் ஊதுவார். நான்கு நான்காகத் தாளம் போட்டுக்கொண்டே போனால் சில பாட்டுகளில் இடையில் இடறும். அம்மாவிடம் தாளம் கற்றிருந்ததால் தொடையில் தட்டித் தட்டி அந்த இடறலைக் கண்டுபிடிப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. வார்த்தைகளுக்கு நடுவே அத்தனை இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் நாங்கள் பேசினோம், அரிசி களைந்தோம், ஊரிலிருந்து வந்த கடிதங்களைச் சத்தமாகப் படித்தோம். அரங்கத்துப் பலகையில் எனக்குப் பிடித்துப்போனது எதுவோ, அதுவே இதிலும் எனக்குப் பிடித்தது.

அதே இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த சோயா வயல்களில் மண் மாதிரி எடுக்க நானும் நண்பனும் பிக்கப் வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தோம். அது சனிக்கிழமை. ரேடியோவில் ஆட்டம், மிச்சிகன் மண்ணில் மிச்சிகனோடு. 27-க்கு 7 என்று பின்தங்கியபோது, ஆளுக்கொரு மண் துளைக் கருவியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டோம். திரும்பி வந்தபோது அறிவிப்பாளர் குரல் மாறியிருந்தது. ராக்கி ஹார்வி என்ற சின்ன உருவ ஆட்டக்காரர் பந்தோடு பாய்ந்துகொண்டிருந்தார். நண்பன் ஸ்டியரிங் மேல் தாளம் போடுவதை நிறுத்திவிட்டான். 35-க்கு 29, எங்கள் பக்கம். முடிவு அறிவித்த நொடியில் பக்கத்து வயலில் இருந்த ராட்சத அறுவடை இயந்திரம் நின்று, நீளமாக ஹார்ன் அடித்தது. ஓட்டுநரும் அதே ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தூரத்து வயலிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. யார் முகமும் தெரியாத அந்தச் சமவெளியில், கேட்டவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ரேடியோவை அணைத்துவிட்டு அந்த சிடியைப் போட்டான் நண்பன். மண் மாதிரிப் பைகளோடு ஊர் திரும்பினோம். இரண்டே வருடத்துக்கு முன் ஒன்றையும் வெல்லாத அணி அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டங்களை வென்றது.

பிறகு படிப்பு முடிந்தது, கோவைக்கு வந்துவிட்டேன். கல்யாணம், வேலை, குழந்தைகள். கிரிக்கெட் பார்க்கிற வீடு எங்களுடையது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சிடி போடும் கருவி கெட்டுப்போய்ப் பல காலம் அந்த இசையையும் கேட்கவில்லை. கலைந்துபோன அந்தக் குழுவின் ஒரே இசைத்தட்டு, நான் மறந்திருந்த காலத்தில் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. ஒருவர் நண்பருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, இணையத்தில் புதுத் தலைமுறை அதைக் கண்டெடுத்துவிட்டது. 2014-ல் அவர்கள் மறுபடி கூடி, ஷாம்பெயினில் நடந்த பிக்மேலியன் விழாவிலேயே முதலில் வாசித்தார்கள். அதற்குள் லாமோஸ் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2016-ல் இரண்டாம் இசைத்தட்டும் வந்தது.

சில வருடம் முன்பு ஒரு கருத்தரங்குக்காக அங்கே போனபோது நண்பன் என்னை ஹை ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போனான். டர்னர் ஹாலுக்கு நான் தினமும் நடந்த வழியிலிருந்து கொஞ்சம் விலகிய தெரு. மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வெள்ளை மர வீடு. பனி சறுக்கும் நாட்களில் அந்தத் தெரு வழியாகவும் போயிருக்கிறேன். எதிர்ப் புல்தரையில் இரண்டு இளைஞர்கள் ஏறக்குறையப் படுத்துக்கொண்டு, உறையில் இருக்கும் அதே கோணத்துக்காகக் கைபேசியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவன் மெக்சிகோவிலிருந்து வந்திருந்தான். பின்னர் 2023-ல் குழுவினரும் பாலிவினைலும் அந்தப் படத்தை எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங் உள்ளிட்ட நண்பர்களும் சேர்ந்து, வீடு அழிந்துவிடக்கூடாது என்று அதை வாங்கிவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது என் சொந்தக்காரர் வீடு பத்திரமானதுபோல் நிம்மதியாக இருந்தது.

அரங்கமும் மாறியிருக்கிறது. மேற்கு வாசலில் கிரேஞ்சின் வெண்கலச் சிலை நிற்கிறது. டிக்கெட் கைபேசிக்குள் போய்விட்டது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிக்கிறார்கள், பிளாஸ்க் போச்சு. ரெக்கார்டு கடைகளும் குறைந்துவிட்டன. பேஸ்மென்ட் நிகழ்ச்சி எந்த வீட்டில் என்பதை அன்று மின்கம்பத்தில் ஒட்டிய ஜெராக்ஸ் தாள் சொன்னது, இன்று கைபேசி சொல்கிறது. ஆனால் வீடுகள் இன்னும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றன என்றான் நண்பன். அதைக் கேட்க எனக்குத் தெம்பாக இருந்தது.

2024 அக்டோபரில் அரங்கத்தின் நூற்றாண்டு. எதிரணி அதே மிச்சிகன். பழைய தோல் தலைக்கவசம் போன்ற நிறத்தில் கவசமும், கிரேஞ்ச் காலத்தை நினைவூட்டும் உடையும் அணிந்து எங்கள் பிள்ளைகள் இறங்கினார்கள். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டார் தூங்கிய பிறகு கைபேசியில் பார்த்தேன். டாலஸிலிருந்து திருநெல்வேலிக்காரி பேசிக்கொண்டே பார்த்தாள். ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் அம்மாவின் கண் ஆபரேஷன், என் மகளின் கல்லூரி, பழைய வீட்டுக்காரரின் நாய் என்று ஏதாவது ஒன்று. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் இருவரும் வாயை மூடிக்கொள்வோம். 21-க்கு 7 என்று இல்லினாய் வென்றது. புதிய விதிகள் சில எங்கள் இருவருக்குமே புரியவில்லை, ஆட்டக்காரர்களில் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லித் தெரியாது. நண்பனின் அப்பா வயதாகிப் படி ஏற முடியாமல், கீழ் வரிசைக்கு இருக்கை மாற்றிக்கொண்டு போயிருந்தாராம். பக்கத்தில் பேத்தி. அந்த இரண்டு பேரும் சிரிக்கும் படம் ஆட்டம் முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது.

ஒன்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் வேண்டும். புள்ளிவிவரம் காக்க, பழைய இசையைத் தேடிப் பதிப்பிக்க, இடிபடப்போகும் வீட்டை வாங்க அவர்களால்தான் முடியும். அவர்களை நான் மனதார மதிக்கிறேன். என்னைப் போல லேசாகப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் அன்பும் உண்மையானதுதான் என்பதையும் இத்தனை வருடம் எனக்குக் காட்டிவிட்டது. ஆழம் இல்லாத பிரியம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓர் ஆட்டத்தையும் ஒரு இசைத்தட்டையும் காரணமாக வைத்து, மூன்று ஊர்களில் இருக்கும் நாங்கள் இன்றும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை மற்றவர் தெரிந்துகொள்கிறோம். அந்தப் பழைய பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தோற்கிற அணிக்காக விடாமல் வந்தது ஏன் என்று இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. அடுத்த இலையுதிர் காலத்துக்கு டிக்கெட் எடுத்து வைப்பதாக நண்பன் எழுதியிருக்கிறான். கருத்தரங்கு எதுவும் இல்லாவிட்டாலும் போவதாக இருக்கிறேன். அணி அன்றைக்கு ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.